கண்டோர் இலக்கணம்

இரண்டு ஸ்கூட்டர்கள் லேசாக உரசிக்கொண்ட இடத்தில், ஐந்து நிமிடம் கழித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டர்காரர்களாக இருக்க மாட்டார்கள். ஒருவர் டீக்கடையில் பாதி டீயோடு நின்றவர். இன்னொருவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர். இவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இலக்கணம் படிக்காதவர்கள்.

தலைவன் தலைவி ஊடலில் நடுவே வரத் தக்கவர்கள் என்று தொல்காப்பியக் கற்பியல் 12 வாயில்களைச் சொல்கிறது. தோழி, தாய், பாணன், விருந்தினர் என்று போகும் வரிசையில் கடைசிப் பெயர் ‘கண்டோர்’. உறவு வேண்டாம், அழைப்பு வேண்டாம், கண்டால் போதும். கட்டிலறைப் பூசலுக்கே கண்டவர் வரலாம் என்றால், உடைந்த பின்விளக்குக்கு வரக் கூடாதா?

கண்டோர் முதலில் வண்டிகளை ஓரங்கட்டச் சொல்வார். அவரால் விளையும் நன்மை அதோடு முடிந்தது. அடுத்து, “நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க.” இதற்குப் பின்னால் தப்பாக நினைக்க இடமில்லாத வாக்கியம் வந்து நான் கேட்டதில்லை. பிறகு, “தப்பு ரெண்டு பேர் மேலயும் இருக்கு.” அவ்வளவுதான், எதிரெதிரே நின்ற இருவரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள்: “நடுவுல நீ யாருய்யா?” நீதிமன்றத்தில் இடையீட்டு மனு போடுபவரும் இதே கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும், அங்கே ‘ய்யா’ மட்டும் இருக்காது.

இத்துறையின் மூலவர் சங்கப் புலவர் கோவூர்கிழார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக் கிடந்தபோது, இருவருமே ஆத்தி சூடிய சோழர்கள், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்றார் (புறநானூறு 45). சமாதானம்தான். ஆனால் ஆவூர் முற்றுகையில் அதே நெடுங்கிள்ளியிடம், ஒன்று கதவைத் திற, இல்லையேல் வெளியே வந்து போரிடு, இப்படி அடைத்துக் கிடப்பது வெட்கம் என்றும் சொன்னவர் அவரே (44). அறிஞர்கள் இதை அறிவுரை என்பார்கள். தெருவில் இதற்கு உசுப்பேத்துவது என்று பெயர். ஒருவரிடம் “விடுங்க சார்”, திரும்பி மற்றவரிடம் “நீங்க சும்மா விடுறதாலதான் இவனுங்க ஆடுறானுங்க” என்கிற டீக்கடைக்காரர் மரபு பிறழவில்லை.

புதிதாக முளைத்திருப்பவர் செல்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்பவர். கண்டோர் என்றால் கண்டதைப் பற்றி நாலு வார்த்தையாவது பேச வேண்டும். இவரை அந்தப் பன்னிருவரில் சேர்க்க வழியில்லை. பதின்மூன்றாவதாக ஏற்க எனக்கு மனமும் இல்லை.