கொள்ளிடக் கரையின் தூண்டில் இரைப் பிணக்கு: ஒரு பாறையியல் விளக்கம்

தூண்டில் முள்ளில் எதைக் கோப்பது என்ற வினாவுக்கு விடை தேடியவர்கள் எல்லாரும் மீனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்திருக்க வேண்டியது, தாங்கள் உட்கார்ந்திருந்த பாறையை. கிரெட்டேஷியஸ் காலப் பாறைமேல் பிறந்து வளர்ந்து மீன் பிடிக்கிறவன், எந்த நாட்டுக்காரனானாலும், இரையைப் பற்றிப் பக்கத்து ஆளோடு மல்லுக்கு நின்றே தீருவான். இதுவே இக்கட்டுரை நிறுவப்போகும் கோட்பாடு.

முதல் சான்று இங்கிலாந்து. ஹாம்ப்ஷயரில் டெஸ்ட், இட்சென் என இரண்டு ஆறுகள். கிரெட்டேஷியஸ் காலத்துச் சாக்குக்கல் படுகையில் ஊறி வருவதால் தண்ணீர் பளிங்கு. மீன் டிரவுட். அங்கே கனவான்களின் இரை புழு அன்று. முள்ளின்மேல் இறகும் பட்டுநூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. மயிலிறகுத் தூவியும், நம் தென்னிந்தியக் காட்டுக்கோழியின் கழுத்திறகும்கூட அதற்காகக் கப்பலேறியிருக்கின்றன. பூச்சி தண்ணீர்மேல் மிதக்க வேண்டும் என்று 1886இல் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டு புத்தகமே போட்டார். மீன் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தானே சாப்பிடுகிறது, பூச்சியும் அங்கேயே போகட்டுமே என்று 1910இல் ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர் மறுத்து எழுதினார். 1914இல் ஹால்ஃபோர்டு காலமானார், வழக்கு காலமாகவில்லை. 1938இல் லண்டனில் ஒரு கிளப்பில் கூடி மறுபடியும் அதையே விவாதித்தார்கள். போனவருக்காக வாதாடவும் ஆள் இருந்தது.

இரண்டாம் சான்று அரியலூர். சிமெண்டு ஆலைகள் தோண்டியெடுக்கும் நம் சுண்ணாம்புக்கல்லும் அதே கிரெட்டேஷியஸ் காலத்துச் சரக்கு. அன்று இங்கே கடல். பெரம்பலூர் மாவட்டம் காரைப் பக்கத்து ஓடைகளில் சுறாவின் பல்கூடக் கல்லாகிக் கிடைக்கிறது. அந்தச் சுறாக்கள் எந்த இரையை விரும்பின என்பதைப் பாறைகள் தெரிவிக்கவில்லை.

கொள்ளிடக் கரையில் இருப்பது வண்டல்தானே, பாறை எங்கே என்று புவியியலார் குறுக்கிடக்கூடும். திருமானூர்ப் பாலத்தடியில் தூண்டிலோடு குந்தியிருப்பவர் கல்லங்குறிச்சியிலிருந்து டிவிஎஸ் 50இல் வந்தவர். பாறை அவருக்குள் இருக்கிறது. மேற்கே வேப்பந்தட்டைப் பக்கம் கிரெட்டேஷியஸ் கிடையாது, அதைவிடப் பன்மடங்கு பழைய கருங்கல். கோட்பாட்டின்படி அங்கே சச்சரவு இருக்கக் கூடாது. இருக்கிறது. அதை விதிவிலக்கு எனக் கொள்க.

இனிப் பிணக்கின் உள்விவரம். கரையில் மூன்று சமயங்கள் உண்டு. புழுவியர், மாவியர், தவளையர். மாவியர் கையில் மண் படாத சுத்தக்காரர்கள். மைதாவோடு பிண்ணாக்குத் தூள் பிசைந்து, இன்னும் ஏதோ ஒன்றையும் சேர்ப்பார்கள். அது என்னவென்று கேட்டால் சிரிப்பார்களே தவிரச் சொல்லமாட்டார்கள். கட்லாவும் ரோகுவும் தங்கள் கட்சி என்பது அவர்கள் வாதம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் ஓடுகிற தண்ணீரில் உருண்டை கரைந்துவிடும். மீன் தின்றுவிட்டுப் போனதா, மாவு கரைந்து போனதா என்று தெரியாமல் வெறும் முள்ளைக் காவல் காப்பது மாவியரின் தலையெழுத்து.

புழுவியருக்குள்ளோ உட்பிரிவுகள் ஏராளம். வாழைத்தடிப் புழு, எருக்குழிப் புழு, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் விழும் இடத்துப் புழு என ஒவ்வொன்றுக்கும் தனி ஆசிரியர், தனி மாணாக்கர்.

“புழு எங்கடா தோண்டுன?”

“எருக்குழியில, மாமா.”

“அதான் கடிக்கல.”

மாமாவின் முள்ளையும் அதுவரை எதுவும் கடிக்கவில்லை என்பதை மருமகன் எடுத்துச் சொல்லவில்லை. ஆய்வு மரபில் இதற்கு ஆசிரியப் பணிவு என்று பெயர்.

அறிவியல் என்ன சொல்கிறது? டிரவுட் கண்ணால் வேட்டையாடும் மீன். தெளிந்த குளிர்நீரில் வாழ்வது. அதனால்தான் பூச்சியின் நிறமும் வாலும் அங்கே வழக்காகின்றன. தமிழ்நாட்டில் அதை வளர்க்க நீலகிரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் அமைத்தார்கள். சித்திரை வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் பெரம்பலூரில் அது பிழைக்காது. நம் கெளுத்தியோ கலங்கல் நீர் வாசி. அதன் மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோல் முழுக்கச் சுவை மொட்டுகள். வாலால்கூட ருசி பார்க்கும் பிராணியிடம் மயிலிறகைக் காட்டி என்ன பயன்? முக்கொம்பில் மிகுதி நீர் திறந்து, கொள்ளிடம் செம்மண் நிறத்தில் வருகிற நாளில், மண்புழுவிலிருந்து கசிகிற சாறுதான் மீனைத் தேடிப் போகிற தூது. ஆகவே புழுவியர் கட்சி வென்றது.

ஜிலேபி மீன் எல்லா இரைக்கும் வருகிறதே என்று மாவியர் மேல்முறையீடு செய்வர். 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குள் நுழைந்த மீன் அது. பாசியோ புழுவோ பரோட்டாத் துணுக்கோ, எதையும் விலக்காது. எல்லாருக்கும் ஆமாம் போடும் சாட்சியின் வாக்குமூலத்தை இந்த ஆய்வு ஏற்பதற்கில்லை.

எஞ்சியவர்கள் தவளையர். இவர்களைப் பற்றி விளையாட்டாக எழுத மனம் வரவில்லை. ஏரியில் அல்லிப் படர்வின் இடுக்கில் சின்னத் தவளையைத் துள்ள விட்டு இழுப்பது, ஹால்ஃபோர்டு கண்டிருந்தால் எழுந்து கைகொடுத்திருக்கும் கலை. விரால் மூச்சுவிட மேலே வரும் மீன்; தவளைமேல் பாய்கிற வேகத்தில் கழி கையை விட்டே போய்விடும். ஆனால் அதே விரால், குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனுமாகக் காவல் நிற்கும். சிவந்த குஞ்சுகள் கொப்பளம்போல் மேலே எழும்பி அடங்கும், அடியில் பெற்றோர். அப்போது அது தவளையைக் கடிப்பது பசிக்கு அன்று, ஆத்திரத்துக்கு. அந்த நேரத்தில் பிடித்துவிட்டால், மற்ற மீன்களுக்கு அந்தக் குஞ்சுகள் அன்றைக்கே இரை.

எனவே இந்த ஆய்வின் தீர்ப்பு: ஆற்றில் மண்புழு, அதுவும் வாழைத்தடிப் புழு. ஏரியில் தவளை போடுகிறவர்கள், தண்ணீர்மேல் சிவப்பாகக் கூட்டம் எழும்பினால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு கரைக்குப் போங்கள். அங்கேயும் சண்டை போட ஆள் இருப்பார்.