பன்னு நொப்பி தொடர்பாக ஒரு பெட்டிக்கடைக்காரனின் மனு

அனுப்புநர்: ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளின் முனையில் பெட்டிக்கடை வைத்திருப்பவன்.

பெறுநர்: ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பல்லுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்.

பொருள்: தங்கள் திட்டமும் என் வியாபாரமும் ஒரே வாயில் நடப்பது குறித்து.

ஐயா அல்லது அம்மா,

பெறுநர் பகுதியில் துறையின் பெயர் இல்லாததற்கு மன்னிக்கவும். விசாரித்துப் பார்த்தேன். குழந்தை குடிக்கும் தண்ணீர் குடிநீர் வாரியத்துடையது. அது உட்காரும் அங்கன்வாடி சமூக நலத் துறையுடையது. வாய் சுகாதாரத் துறைக்குச் சொந்தம். பேஸ்ட்டை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பார்த்துக்கொள்கிறது. பள்ளியில் சேர்ந்ததும் முழுக் குழந்தையும் கல்வித் துறைக்குப் போய்விடுகிறது. நடுவில் பல் மட்டும் புறம்போக்காகக் கிடக்கிறது. புறம்போக்கைக் கண்டால் எவனாவது ஒருவன் கடை போடுவான். நான் போட்டேன்.

என் கடையில் இடது கம்பியில் தொங்குவது ஜெல்லி, லாலிபாப், ஐந்து ரூபாய் க்ரீம் பிஸ்கட். வலது கம்பியில் பத்து ரூபாய் பேஸ்ட். நோயும் மருந்தும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் என்னை நீங்கள் போட்டியாளனாகவே கருதலாம். 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும், பார்க்க வேண்டிய குறைகளில் சொத்தைப் பல்லும் ஒன்று என்கிறார்கள். மகிழ்ச்சி. அதே குழந்தை என்னிடம் ஒரு நாளைக்கு இரண்டு முறை வருகிறது. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னால் அழுகிறது. என் கடையைப் பார்த்தால் தானாகவே திறக்கிறது.

நான் திருநெல்வேலிப் பக்கம். கடை போட்ட புதிதில் ஒரு பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்து, “பாப்பாக்கு பன்னு நொப்பி” என்றார். நானும் நல்ல பெரிய பன்னாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பாட்டி முறைத்தார். தெலுங்கில் பன்னு என்றால் பல் என்று பக்கத்து சலூன்காரர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. குழந்தை அதற்குள் பன்னில் பாதியைத் தின்றிருந்தது. இந்த ஒரு தெருவில் பல், பன்னு, ஹல்லு, தாந்த் என்று நான்கு விதமாக வலிக்கிறது ஐயா. உங்கள் சுவரொட்டி ஒரே மொழியில்தான் வலிக்கிறது.

சுவரொட்டி என்றதும் நினைவு வருகிறது. என் கடைக்கு எதிர்ச் சுவரில் இரண்டு இருக்கின்றன. ஒன்று, புளோரைடு உள்ள பேஸ்ட்டால் பல் துலக்கச் சொல்கிறது. மற்றது, புளோரைடு உள்ள தண்ணீரைக் குடிக்காதே என்கிறது. இரண்டும் சரிதான். ஒட்டியவர் மட்டும் இரண்டையும் படிக்கவில்லை. புளோரைடு பல்லின் வெளியே பட்டால் காவல்காரன். எனாமல் உருவாகிற வயதில் அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போனால் அதே ஆள் கறையாக வெளியே வருவான். இதைச் சொல்ல மூன்றாவது சுவரொட்டி வேண்டும். சுவரில் இடமில்லை, அங்கே ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் இருக்கிறது.

வியாபாரமில்லாத மதியங்களில் நான் டியூபின் முதுகைப் படிப்பவன். பேஸ்ட்டில் புளோரைடு அதிகபட்சம் 1,000 பிபிஎம் இருக்கலாம். அதாவது கிலோவுக்கு 1,000 மில்லிகிராம், கிராமுக்கு ஒன்று. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நல்ல தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் காட்டுவதுபோல பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்கி, ஸ்ட்ராபெர்ரி வாசனைக்கு ஆசைப்பட்டுக் குழந்தை ஒரு கிராமை விழுங்கினால், ஒரு லிட்டர் தண்ணீரின் கணக்கு அங்கேயே தீர்ந்தது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு என்பது பல் டாக்டர்களின் கணக்கு. அரிசி அளவு பிதுக்கினால் ஒரு டியூப் எத்தனை மாதம் வரும் என்று கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும்.

தண்ணீர்க் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூரில் தண்ணீரின் புளோரைடால் வரும் புளோரோசிஸ் நோய் இருப்பதை 1937-லேயே எழுதிவைத்துவிட்டார்கள். 1945-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தார் சொத்தையைத் தடுக்கவென்று காசு செலவழித்துக் குடிநீரில் புளோரைடைக் கலந்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குப் பாறையே இலவசமாகக் கலந்து கொடுக்கிறது. அதிலிருந்து தப்பிக்கத்தான் 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கோபத்தையெல்லாம் தாங்கி, ஜப்பான் கடனோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் திறக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் இருக்கிறது. காவிரி இத்தனை தூரம் ஏறி வருகிறது. வந்த தண்ணீரை எங்கள் லைன் வீட்டு ஓனர் போர் தண்ணீரோடு ஒரே தொட்டியில் கலந்து மேலே ஏற்றுகிறார். தொட்டிக்கு ஜப்பான் கடன் கொடுக்கவில்லை போலும்.

தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கிறார்கள். கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கெட்டியாகும். இதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல உங்கள் குழு பதினொரு மணிக்கு வருகிறது. தாய் அப்போது கம்பெனியில் இருக்கிறாள். நைட் ஷிப்ட் என்றால் பக்கத்து வீட்டு அக்கா சர்க்கரை போட்ட பால் புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்துத் தூங்கவைக்கிறார். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைகிற வழி அது. “விழப்போற பல்லுதானே அண்ணாச்சி” என்கிறார்கள். ஆறு வயதில் எதுவும் விழாமலே பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஆயுளுக்கும் மென்று தின்ன வேண்டிய பல் அதுதான்.

2023-இல் பள்ளிச் சிறார்களுக்கென்று ‘புன்னகை’ என ஒரு பல் பாதுகாப்புத் திட்டம் வந்தது. பெயரில் குறையே இல்லை. ஆனால் நிலைக்கப்போகிற முன்பல்லின் எனாமல் பிறந்த சில மாதங்களிலேயே ஈறுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. என் கடையும் ஏறக்குறைய அப்போதே தொடங்கிவிடுகிறது. நீங்கள் பள்ளி மணி அடித்த பிறகு வருகிறீர்கள்.

இந்தப் பகுதியில் தவறாமல் பல் துலக்குவது தென்பெண்ணை ஒன்றுதான். பெங்களூர்க் கழிவை வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி, கெலவரப்பள்ளி அணையில் வாய் நிறைய நுரையோடு வந்து நிற்கிறது. கொப்பளிக்கத்தான் இடமில்லை.

ஆகவே என் கடையை உங்கள் கிளையாக அறிவிக்கக் கோருகிறேன். வாடகை வேண்டாம். கல்லாப் பக்கத்தில் ஒரு அரிசி, ஒரு பட்டாணி, ஒரு பிரஷ் ஒட்டி வைத்துக்கொள்கிறேன். எந்த மொழிக்காரருக்கும் புரியும். எங்கள் தொட்டித் தண்ணீரைச் சோதித்து, புளோரைடு அளவைத் தொட்டியிலேயே எழுதிவிட்டுப் போங்கள், ஓனர் பெயிண்ட் அடிப்பதற்குள் நாலு பேர் படித்துவிடுவார்கள். குழு ஷிப்ட் விடுகிற நேரத்தில் வரட்டும், டீ என் செலவு. லாலிபாப்பைக் குழந்தைக் கைக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றவும் தயார். எதிர்க்கடைக்காரனையும் ஏற்றச் சொல்லி உத்தரவு போட வேண்டும். அவன் ஏற்றாமல் நான் மட்டும் ஏற்றினால் பல்லும் பிழைக்காது, நானும் பிழைக்க மாட்டேன்.

பின்குறிப்பு: அந்தப் பாட்டியின் பேத்திக்கு இப்போது ஆறு வயது. விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டுமாம். லைன் வீட்டில் சாணிக்கு எங்கே போவது? சும்மா எறிந்திருக்கிறாள், சிமெண்ட் ஷீட்டில் உருண்டு என் கடை வாசலிலேயே வந்து விழுந்தது. நடுவில் ஓட்டை.

இணைப்பு: பன்னு ஒன்று. எந்த மொழியில் பதிவு செய்வது என்பதை அலுவலகம் முடிவு செய்துகொள்ளலாம்.