ஏக்கரில் வாங்கு, சென்ட்டில் விற்பனை செய்

அருப்புக்கோட்டைப் பக்கம் நிலத்தில் பணம் போட வருகிறீர்களா? வாங்க. எந்த முறையில் இறங்குவது என்றுதானே குழப்பம்?

வீடு கட்டி வாடகைக்கு விடும் யோசனையை முதலில் கைவிடுங்கள். கரிசலில் அஸ்திவாரத்துக்கே பணம் கரைந்துவிடும். மழைக்கு மண் உப்பும், கோடைக்கு வெடிக்கும், கூடவே சுவரும். குடிவருகிறவர் தறிக்காரராக இருந்தால் நூல் விலை ஏறிய மாதம் வாடகை வராது. போதாக்குறைக்கு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

ஆகவே மனை போடுங்கள். மழை பொய்த்து, மிளகாயும் பருத்தியும் கைவிட்டு, மகள் கல்யாணக் கடனில் முழிக்கிற ஒரு சம்சாரியைத் திருச்சுழிப் பக்கம் பிடியுங்கள். ஏக்கர் விலைக்கு வாங்கி சென்ட் விலைக்கு விற்பதுதான் தொழில். பொக்லைன் ஒன்று, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், வாசலில் ஆர்ச். வேலி இல்லாவிட்டாலும் ஆர்ச் இருக்க வேண்டும். நடுவே ஓடை வந்தால் தூர்த்துவிடுங்கள். வரைபடத்தில் அதற்கு 30 அடி ரோடு என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வேனும் பிரியாணியும் இலவசம். "மதுரை-தூத்துக்குடி நாலுவழிச் சாலையிலிருந்து அஞ்சே நிமிஷம் சார்!" எந்த வண்டியில் என்று பிரியாணி தின்றவர் கேட்கமாட்டார்.

சட்டத்தை நினைத்துப் பயமா? அங்கீகாரம் இல்லாத மனையைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 20-10-2016. ஏழு வருஷம் கோட்டையில் உறங்கியது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பதிவுக்குத் தடை போட்ட பிறகே கண் விழித்தது. அந்த ஏழு வருஷத்தில் எத்தனை மானாவாரிக் காட்டில் கல் ஊன்றினார்கள்! விழித்ததும் செய்தது என்ன? 2017-ல் வரன்முறைத் திட்டம். பணத்தைக் கட்டு, பாவம் தீர்ந்தது. அதற்கும் கெடு நீட்டிப்பு, பிறகு இன்னொரு நீட்டிப்பு.

இன்னும் பெரிய மனசு உள்ளவர்கள் பிஏசிஎல் கம்பெனியைப் பார்த்துப் படிக்கலாம். எந்த ஊர், எந்தச் சர்வே எண் என்று தெரியாத நிலத்துக்கு நாடு முழுக்கத் தவணை வசூலித்த நிறுவனம் அது. 5.85 கோடிப் பேரிடம் வாங்கிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடு என்று 2014 ஆகஸ்டில் செபி உத்தரவிட்டது. 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையில் கமிட்டி போட்டது. திருச்சுழியில் பிறந்த ரமணர் 'நான் யார்' என்று கேட்கச் சொன்னார். 'என் மனை எது' என்று கேட்டு அலைகிறார்கள் பத்திரக்காரர்கள். அவருக்காவது விடை கிடைத்தது.

இத்தனை முறையிலும் நஷ்டமே காணாத பங்காளி ஒருவர் உண்டு. மனை முள்ளுக்காட்டில் கிடந்தாலும் பத்திரத்துக்கு 7 சதவீதம் முத்திரைத் தீர்வையை முதல் ஆளாக எண்ணி வாங்கிக்கொள்கிறார். தூர்த்த ஓடையைத் தோண்டச் சொல்லுங்கள், அது வேறு துறை. கண்மாய் வறண்டுபோன சம்சாரி அந்தத் துறையைத் தேடிக் கலெக்டர் ஆபீஸ் போனால், "திங்கட்கிழமை வந்து மனு குடுங்க" என்கிறார்கள். வரன்முறைக்குப் பணம் கட்ட வந்த எந்த மனைக்காரரையும் திங்கட்கிழமை வரச் சொன்னதில்லை.