ஆறாவது சபை

நெல்லை டவுனில் தெருவுக்கு ஓர் ஓவியர் இருக்கிறார். படம் வரைகிறவர் என்று அவசரப்பட்டு நினைத்துவிடக் கூடாது; வரையப் போகிறவர். ஓய்வு பெற்ற வங்கிக்காரர்கள், மின்வாரியத்து அதிகாரிகள், பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட்டதால் மாடியறை காலியானவர்கள் நடுவே இந்த இனம் செழித்து வளர்கிறது. அறை காலியானதும் கலை வந்து குடியேறிவிடும். வாடகை தருமா என்பதுதான் கேள்வி.

எல்லோருக்கும் பூர்வகதை ஒன்றே. எட்டாம் வகுப்பில் பாரதியார் படம் வரைந்து பரிசு வாங்கியிருப்பார்கள். தலைப்பாகையும் மீசையும் போட்டு இடையில் இரண்டு கண்ணை வைத்துவிட்டால் யார் கையிலும் பாரதி வந்துவிடுவார். அவர் படித்த ஊரில் பரிசுக்குக் கேட்கவா வேண்டும்? "அன்னைக்கே டிராயிங் வாத்தியாரு என்னை ஆர்ட் காலேஜுக்குப் போகச் சொன்னாரு வே. எங்கப்பா பேங்க் பரீட்சை எழுத வச்சிட்டாரு." அன்று தொடங்கிக் கலையுலகம் பட்டுவரும் நஷ்டத்தை ஈடுகட்டத்தான் இப்போது ஸ்டூடியோ.

முதலில் இடம். பழைய நெல்லை வீட்டில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தார்சாவில் உட்கார்ந்தால் தெருவோடு போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, வெள்ளையடிக்கப் போறியளா?" என்று விசாரிப்பார்கள். பட்டாசலில் டிவி ஓடுகிறது. இரண்டாங்கட்டில் ஆச்சியின் கட்டில்; அதை ஒரு சாண் நகர்த்தக்கூடச் சொந்தபந்தம் கூடிப் பேச வேண்டும். அடுக்களைப் பக்கம் தலை காட்டினால் தேங்காய் துருவச் சொல்வார்கள். ஆகவே மாடி. 2023 டிசம்பரில் ஜங்ஷனும் வண்ணார்பேட்டையும் வெள்ளத்தில் நின்றதும் அதற்குத் தோதான காரணமாயிற்று. "ஆத்துல வெள்ளம் வந்தா குறுக்குத்துறை முருகனே மேலக்கோயிலுக்கு ஏறிப் போயிருதாரு. நம்ம கலையைக் கீழ வைக்கலாமா வே?"

மாடி முடிவானதும் வெளிச்சம். ஓவியக்கூடத்துக்கு வடக்கு ஜன்னலே உத்தமம் என்று ஒரு வெள்ளைக்காரர் வீடியோவில் சொல்லிவிட்டார். அந்தச் சாஸ்திரம் அவர் ஊருக்குச் சரி. ஐரோப்பாவில் உச்சிச் சூரியன் எந்த மாதமும் தெற்கேதான் நிற்கும். வடக்கு ஜன்னலில் வெயில் அடிக்காமல் சீரான வெளிச்சம் மட்டும் வரும். திருநெல்வேலியோ பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகைக்குள் இருக்கிற ஊர். சித்திரை பிறக்கும்போதே உச்சிச் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடும். ஆவணி பாதியில்தான் திரும்பி வரும். எங்கள் தெரு ஓவியரான அண்ணாச்சி கொத்தனாரை வரவழைத்து, வடக்குச் சுவரை உடைத்து, நாலடிக்கு நாலடி ஜன்னல் வைத்தார். ஆனி மாதத்துக் காலை வெயில் அதன் வழியாகவே உள்ளே வந்து வாட்டர்கலர் தாளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. திரை போட்டார். அறை இருட்டாயிற்று. பகல் வெளிச்சம் தரும் எல்இடி விளக்கு வாங்கினார். இப்போது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஜன்னலைச் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு, "இதுதான் வே நேச்சுரல் லைட்டு" என்கிறார்.

அடுத்தது தண்ணீர். அல்வாவின் ருசி தாமிரபரணித் தண்ணீரில் இருக்கிறது என்பது ஊருக்கே வேதவாக்கு. "அல்வாவுக்கே அப்படின்னா வாட்டர்கலருக்குச் சொல்லணுமா?" போர்த் தண்ணீரில் கரைத்தால் வண்ணத்தில் உப்புப் பூத்துவிடுமாம். எனவே ஆற்றுத் தண்ணீர் பிடித்துவைக்கக் காருகுறிச்சிப் பானை, பிரஷ் கழுவ மாடியிலேயே தொட்டி, தொட்டிக்குத் தனிக் குழாய். குழாய் வேலைக்கு வந்த பையன், "கீழ அங்கணக்குழில கழுவக் கூடாதா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டான். "பிக்காஸோ அங்கணக்குழிலயா கழுவினாரு?" அந்த வீட்டுக்குக் குழாய் மாட்டியது தான் இல்லை என்று பையன் சத்தியம் செய்தான்.

தரைக்குப் பத்தமடைப் பட்டுப்பாய். அவ்வளவு மெல்லிய கோரையில் நெய்த பாயில் வண்ணம் சிந்தினால் என்னாவது? அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. விரிப்பு கெட்டுவிடாமல் அதன்மேல் பழைய தினசரி. பாய் பார்க்க வருகிறவர்கள் போன மாதத்துச் செய்திகளைப் படித்துவிட்டுப் போகிறார்கள்.

அடுக்கி வைப்பதில்தான் அண்ணாச்சியின் மேதைமை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிறவரிடம் சொல்லிச் செய்த மரத்தாங்கியில் பிரஷ்கள் நம்பர் வாரியாக நிற்கின்றன. வண்ணக் குழாய்களை முதலில் நிறப்படி அடுக்கினார், பிறகு கம்பெனிப்படி, பிறகு வாங்கிய தேதிப்படி. தேதிப்படி அடுக்கியபோதுதான் பாதிக் குழாய்கள் உள்ளே இறுகிப்போனது தெரிந்தது. காலி அல்வா டப்பாக்களில் சீட்டு ஒட்டியிருக்கிறார்: 'பென்சில், சீவியது', 'பென்சில், சீவ வேண்டியது', 'காலி டப்பா'. கடைசி டப்பாவைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு சின்னக் காலி டப்பா இருந்தது.

எப்போது தொடங்குவார் என்று கேட்டால் ஊர்த் திருவிழாக்கள் வரிசையாக வந்து கைகொடுக்கும். ஆனித் தேர் முடியட்டும். ஆடியில் புது வேலை ஆகாது. ஐப்பசித் திருக்கல்யாணம் வருகிறது. கார்த்திகையில் மழை, தாள் காயாது. மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தை பிறந்ததும் வழி பிறக்கும். கூடவே புது அலமாரி யோசனையும் பிறக்கும்.

ஒருநாள் கொண்டையராஜுவை எடுத்துச் சொன்னேன். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டே ஊர் ஊராக வந்து, அந்நாளில் நெல்லை ஜில்லாவில் இருந்த கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். சிவகாசி காலண்டர்கள் வழியாக அவரும் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் தமிழ்நாட்டுப் பூஜையறைகளில் எல்லாம் ஏறினார்கள். 1976இல் மறைகிறவரை அவருக்கு வேலையே அறையாக இருந்தது. "அது போகட்டும் அண்ணாச்சி, திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள்ள ஏறிப் பாத்திருக்கியளா? அஞ்சு நிலையிலும் சுவர் முழுக்கச் சித்திரம். அந்த அரை இருட்டுல நின்னே எழுதியிருக்காங்க. வடக்கு ஜன்னலா கேட்டாங்க?"

அண்ணாச்சி அசரவில்லை. "அவங்களுக்கென்ன வே, ஜனங்க படத்தைத்தான் பாத்தாங்க. என் வீட்டுக்கு வாரவன் ரூமைல்லா பாக்கான்!"

மதினிக்கு இதில் குறையொன்றும் இல்லை. "தம்பி, இவுக வரையாம இருக்கதுதான் நல்லது. வரைஞ்சா அதை எந்தச் செவுத்துல மாட்டணும்னு ஒரு வருசம் போயிரும்லா." பங்குனி வெயிலில் வத்தல் போட வெள்ளைத் துணி தேடிய மதினி, மூலையில் சுருட்டி வைத்திருந்த கேன்வாஸை எடுத்துத் தட்டட்டியில் விரித்து, கூழை வட்டவட்டமாக ஊற்றிவிட்டார். அந்த ஸ்டூடியோவின் முதல் படைப்பு அதுதான். பொரித்து ரசத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

எல்லாம் அமைந்தபின் பெயர்ப்பலகை பாக்கி. நடராஜருக்குச் சபைகள் ஐந்து. பொன்னும் வெள்ளியும் ரத்தினமும் வெளியூருக்குப் போக, தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில், சித்திர சபை குற்றாலத்தில். குற்றாலத்தில் அவர் சுவரோவியமாகவே ஆடுகிறார். ஆறாவதாக அண்ணாச்சி தம் அறைக்கு 'வர்ண சபை' என்று பெயரிட்டார். அங்கே ஆடுவது மின்விசிறி மட்டும்.

பலகை எழுத, டிஜிட்டல் பேனர் வந்தபின்னும் தொழிலை விடாத ஒரு பெயின்டர் சைக்கிளில் வந்தார். அண்ணாச்சி பெருமையாக மாடிக்கு அழைத்துப் போனார். அவர் பாயையும் பானையையும் பிரஷ் வரிசையையும் பார்த்துவிட்டு, "இங்க வேண்டாம் அண்ணாச்சி, கறையாயிரும்" என்று இறங்கி, தெருவில் வாறுகால் ஓரமாகக் குத்தவைத்து உட்கார்ந்தார். தேங்காய்ச் சிரட்டையில் பெயின்டைக் கலக்கினார். டீ ஆறுவதற்குள் 'வர்ண சபை' நிழல் விழும் எழுத்தில் முடிந்திருந்தது.

அண்ணாச்சி வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனம் மாறிவிட்டது என்று நான் நினைத்தேன். என் காதருகே வந்து சொன்னார்:

"கை சுத்தம் வே. ஆனா அவரு பொட்டியப் பாத்தேரா? பிரஷும் துணியும் டப்பாவும் ஒண்ணாக் கிடக்கு. பாவம், எப்படித்தான் தொழில் பண்ணுதாரோ. நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்கேன், எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கிக் குடுத்துருவோம்."