மாங்குளம் சந்தியில் எழுவாய் மறைவு: ஓர் ஆய்வு

வாக்கியத்துக்கு எழுவாயும் வேண்டும், பயனிலையும் வேண்டும். ஆங்கிலப் பாடநூல் கைக்கு வந்த காலம் முதல் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவது இது. 'த டோக் பார்க்ஸ்' என்றால் நாய் எழுவாய், குரைப்பது பயனிலை. இந்த விதி மாங்குளத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முன்னாய்வு எதுவும் கண்ணில் படவில்லை. ஆகவே மறுத்துரைப்பாரும் இல்லை என்பது எமக்குப் பெரிய வசதி.

ஆய்வுக்களம், ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி. பஸ் வாசலில் தொங்கும் கொண்டக்டர் "ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு" என்கிறார். மூன்றும் பெயர், பயனிலை இல்லை. ஏறியதும் "முன்னுக்குப் போங்கோ, முன்னுக்குப் போங்கோ" என்கிறார். எல்லாம் பயனிலை, எழுவாய் இல்லை. பின்சீற்றிலிருந்து ஓர் அம்மா "பள்ளிக்கூடத்தடி இறக்கம்" என்கிறார். இதில் எது எழுவாய், எது பயனிலை என்று நாம் பிரித்து முடிப்பதற்குள் பஸ் நின்று, அம்மா இறங்கி, கொண்டக்டர் "ரைட்" சொல்லிவிட்டார்.

தொல்காப்பியரிடம் முறையிடலாம் என்றால் அவரும் ஆங்கில ரீச்சர் பக்கம் இல்லை. எழுவாய் கொள்ளும் பயனிலை வினையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தவில்லை. பெயரும் வரலாம், பண்பும் வரலாம், வினாவும் வரலாம் என்று ஆறு வகை காட்டிவிட்டுப் போகிறார். "அவர் ஆர்?", "அவர் அதிபர்" என்று வினைச்சொல்லே இல்லாமல் தேநீர்க்கடையில் ஒரு முழு விசாரணை நடந்து முடிகிறது.

பயனிலை இல்லாத எழுவாய்க்கு மாங்குளம் புகையிரத நிலையத்தை விடச் சிறந்த சான்று கிடையாது. 1990இல் ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. இந்தியாவின் இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டு, ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை ரயில் ஓடியது 2013 செப்ரெம்பரில். 'த ரெயின் கம்ஸ்' என்ற வாக்கியம் இங்கே 23 வருடம் எழுவாயோடு நின்றிருந்தது. இவ்வளவு நீண்ட இடைநிறுத்தத்துக்கு எந்தக் குறியீடு இடுவது என்று இலக்கண நூல்கள் சொல்லவில்லை.

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். எழுவாயைச் சொல்லாமல் விடுவது தமிழுக்குப் புதிதல்ல. வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். வன்னி இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது சிலர் "திறந்திட்டினம்" என்றார்கள். சிலர் "திறந்திட்டாங்கள்" என்றார்கள். 2006இல் பூட்டியபோதும் அப்படியே. திறந்தது ஆர், பூட்டினது ஆர் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் 'இனம்' என்று முடித்தவர் அந்த ஆட்களைப் பற்றி என்ன நினைக்கிறார், 'ஆங்கள்' என்று முடித்தவர் என்ன நினைக்கிறார் என்பது கேட்டவருக்கு விளங்கியது. பெயரை மறைத்து அபிப்பிராயத்தை மட்டும் வெளியே விடும் இந்த நுட்பம் ஆங்கிலத்தின் 'தே' என்ற சொல்லுக்கு ஏழு பிறப்பிலும் வராது. தெரியாத ஆள் பக்கத்தில் வந்து இருந்தால் விகுதியும் கழன்றுவிடும்: "பாதை பூட்டியாச்சாம்." இந்த வாக்கியத்தைப் பிடித்து எவரையும் விசாரிக்க முடியாது.

ஆங்கிலமோ நேரெதிர். மழை பெய்வதற்குக்கூட அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் 'இற்' என்று ஒரு பொம்மையை நிறுத்திவிட்டு 'இற் இஸ் ரெயினிங்' என்கிறது. 'மழை பெய்யுது' என்று மழையையே எழுவாயாக்கிப் பழகிய பிள்ளைக்கு இந்த 'இற்' எங்கிருந்து வந்தது என்று விளங்காதது அதன் குற்றமா? போதாக்குறைக்கு 'த போய் ஈற்ஸ் றைஸ்' என்பதில் சோற்றையும் பயனிலைக்குள் சேர்க்கச் சொல்கிறார்கள். தமிழ்ப் பாடவேளையில் அதே சோறு செயப்படுபொருள் என்று தனியாக இருந்தது.

ஆங்கிலமும் சில இடங்களில் வினை இல்லாமல் பேசும் என்பதற்கான எதிர்ச்சான்று ஒன்றையும் மறைக்காமல் தர வேண்டும். போர் முடிந்த பின் இந்தப் பக்கத்துக் காடுகளில் நட்ட சிவப்புப் பலகைகளில் மண்டையோடும் 'மிதிவெடி' என்ற சொல்லும் மும்மொழியில் இருந்தன. எந்த மொழியிலும் வினைச்சொல் இல்லை. பயனிலை எங்கே என்று கேட்டு எவரும் அப்பால் காலடி வைக்கவில்லை.

ஆகவே ஆங்கில ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். எழுவாய் விடுபட்ட இடத்தில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள்; சோதனைத்தாள் திருத்துபவர் விடமாட்டார் என்பது எமக்கும் தெரியும். ஆனால் முழுப் புள்ளியையும் வெட்டாதீர்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் எழுவாயைச் சொல்லாமல் பேசப் பழகியது சோம்பலால் அல்ல. அரைப் புள்ளியாவது போடுங்கள்.