சாவா மூவாப் பேராடு

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் இருந்தது. 2013-ல் கூடிய செயற்குழுவில்தான் அதற்குப் பிள்ளையார் சுழி போட்டோம். சொந்தப் பெயருக்கு வருஷம் சில நூறு ரூபாய், ஹோஸ்டிங்குக்கு இரண்டாயிரம் ஆகும் என்றார் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர். பொருளாளருக்கு வாயில் இருந்த வடை இறங்கவில்லை. "ஓசியில கிடைக்கிறப்ப எதுக்கு சார் காசு? என் பேரனே பண்ணிடுவான்" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதே கூட்டத்தில் ஆண்டு விழா சால்வைகளுக்கு நாலாயிரம் ரூபாய் ஒதுக்கியதும் ஏகமனதாகத்தான்.

பேரன் பண்ணிவிட்டான். முகவரி கூட்ஸ் வண்டி நீளம். அதில் எங்கள் பெயர் கடைசிப் பெட்டி, எஞ்சின் முழுக்கக் கம்பெனியின் பெயர். "அன்லிமிடெட்" என்று முகப்பில் எழுதியிருந்தது. மெஸ் வாசலில் "அன்லிமிடெட் மீல்ஸ்" என்று போர்டு போட்டுவிட்டு, இரண்டாவது தடவை பொரியல் கேட்டால் பரிமாறுகிறவருக்குக் காது கேட்காமல் போகுமே, அந்த அன்லிமிடெட். சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானபோது, படத்தோடு இரங்கல் செய்தி போட்டோம். படத்துக்குக் கீழே, அஞ்சலி வரிகளுக்கு மேலே, "முப்பதே நாளில் தொப்பை குறைய" என்று ஒரு விளம்பரம் துள்ளிக்கொண்டிருந்தது. அதை எடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. தானத்தில் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று பொருளாளர் சமாதானம் சொன்னார்.

மாடு 2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 1 அன்று உதைத்தது. ராத்திரி தெருவில் தண்ணீர் ஏறி, வாசல் கேட் மறைந்தது. எந்த வீட்டு மாடி காலி, எங்கே டாக்டர், யாரிடம் ஜெனரேட்டர் என்ற பட்டியல் எல்லாம் அந்தத் தளத்தில்தான் இருந்தது. எங்களுக்குக் கரண்ட் இல்லை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். வந்தது ஒரே வரி: இன்றைய அளவு முடிந்துவிட்டது. கீழே ஒரு பட்டன்: டாலரில் பணம் கட்டினால் உடனே திறக்கும். அப்பா கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறாரா என்று தெரிந்துகொள்ள கிரெடிட் கார்டு எண் கேட்டது அந்த இலவசம். யாரும் வராதபோது வாசலைத் திறந்து வைத்து, கூட்டம் வந்ததும் சாத்துகிற சத்திரத்தை இந்தத் தொழிலில்தான் பார்க்க முடியும்.

தமிழனுக்குச் சத்திரமும் தர்மமும் புதிதல்ல. எங்கள் வேளச்சேரி தண்டீஸ்வரர் கோயிலிலேயே சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிய வேண்டுமென்றால், வழக்கமாக 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். மேய்ப்பவர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடானாலும் செத்தாலும் குட்டியைச் சேர்த்துக் கணக்கைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அதற்குச் "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சந்திர சூரியர் உள்ளவரை என்று கல்லில் வெட்டினார்கள். கும்பிட வந்தவனுக்கு வெளிச்சம் இலவசம். ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் 96 ஆடு நின்றது, பொறுப்பேற்ற ஆள் நின்றான், சாட்சிக்குக் கல் நின்றது.

இன்றைய இலவசத்தின் கல்வெட்டைப் படியுங்கள். யாரும் படிக்காமல் "சம்மதம்" என்று அமுக்குகிற அந்த நீண்ட ஒப்பந்தத்தின் சாரம் இவ்வளவுதான்: எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணமும் சொல்லாமல், விளக்கை அணைப்போம். ஆடு எங்கே என்று தேட வேண்டாம். மேய்வதும் நாம், கறக்கப்படுவதும் நாம்.

வெப்சைட் வைக்க இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் ஞாபகம் இருக்கிறதா? 1994-ல் தொடங்கியது. உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் அதில் ஓசியில் குடியேறினார்கள். ஃபான்ட் இறக்கினால்தான் எழுத்து தெரியும் என்ற காலத்தில், தமிழில் பக்கம் வைத்தவர்களும் அவர்களில் உண்டு. 1999-ல் யாஹூ அதை 350 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாங்கிய சூட்டோடு, பக்கங்களில் உள்ளதன் மேல் தனக்கு உரிமை என்கிற மாதிரி விதியை மாற்றியது. ஜனங்கள் கொதித்த பிறகு பின்வாங்கியது. பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபரில் ஊரையே இழுத்து மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் ஓடி ஓடி அள்ளியது மட்டும் மிச்சம். 350 கோடி டாலர் கொடுத்தது காலி மனைக்கா? குடியிருந்தவர்களுக்குத்தானே விலை! அவர்கள் கைக்குக் காலணா வரவில்லை. வந்தது காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ்.

000வெப்ஹோஸ்ட் என்று இன்னொன்று. பெயரிலேயே மூன்று சைபர். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டைப் பூட்டாமல் கொள்ளாமல் அப்படியே எழுதி வைத்திருந்தது. 2015-ல் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரம் சந்தைக்கு வந்தது. 2024-ல் கடையே மூடப்பட்டது.

கம்பெனி விட்டாலும் சர்க்கார் விடுமா? 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின், சில பக்கங்களைத் தடுக்கச் சொல்லி டெல்லியிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் தடுக்கத் தெரியாத இணைய சேவைக்காரர்கள் பிளாக்ஸ்பாட், டைப்பேட் என்ற வலைப்பதிவுத் தளங்களையும் ஜியோசிட்டீஸையும் மொத்தமாகப் பூட்டினார்கள். 2014 டிசம்பரில் மறுபடியும் அதே கூத்து. இந்த முறை 32 தளங்கள், இலவசமாக வெப்சைட் கட்டித் தரும் வீப்ளியும் அதில் சேர்த்தி. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிறவர்கள் ஊரை ஆளும்போது, ஒரே கூரையின் கீழ் லட்சம் பேரோடு ஓசியில் படுத்திருப்பவனின் கதி என்ன? எவனோ செய்த தப்புக்கு என் பாட்டியின் வத்தக்குழம்பு செய்முறை தேசவிரோதம் ஆகிவிடும்.

இலவசமே பாவம் என்று நான் சொல்லவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்றும் தமிழ் நூல்களை இலவசமாகத்தான் தருகிறது. ஈழத்து நூல்களுக்கு "நூலகம்" என்ற தளம் இருக்கிறது. அங்கே உழைப்பைக் கொடுத்தவர்களும் நன்கொடை கொடுத்தவர்களும் தெரிகிறார்கள். அது ஆடு விட்டு எரிக்கிற விளக்கு. மற்றது கூட்டம் சேர்ந்ததும் டிக்கெட் போடுகிற விளக்கு. இரண்டையும் ஒரே "இலவசம்" என்ற சொல்லால் அழைத்ததுதான் நாம் செய்த மடத்தனம்.

ஓசி என்ற சொல்லுக்கே மெட்ராஸில் ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாகப் போகிற தபாலுக்குக் கட்டணம் கிடையாது. அதன் மேல் "ஆன் கம்பெனி சர்வீஸ்" என்று எழுதுவார்கள், அதன் சுருக்கம்தான் ஓசி என்று. கதையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தபால் ஓசியில் போனது யாருக்கும் செய்த தர்மம் இல்லை. கம்பெனிக்கு ஊழியம் செய்ததால் போனது. இருநூறு வருஷம் கழித்தும் அகராதி மாறவில்லை. நாம் ஓசியில் இருக்கிறோம் என்றால், கம்பெனி சர்வீஸில் இருக்கிறோம் என்றே பொருள்.

போன மாதம் செயற்குழுவில் இதையெல்லாம் சொன்னேன். சங்கத்துக்குச் சொந்தப் பெயர், சொந்த இடம் வாங்க வருஷம் மூவாயிரம் கேட்டேன். தண்ணீர் லாரிக்கும் தெரு நாய்க்கும் மூன்று மணி நேரம் பேசியவர்கள் இதற்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பொருளாளர் பரிவோடு என் தோளில் கை வைத்தார்.

"வாட்ஸ்அப் குரூப் இருக்கே சார். அது ஓசிதானே?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் "மே" என்றுதான் வந்திருக்கும்.