இன்னும் ரெண்டாயிரம்: பிராசசர் தேர்வியல் குறித்த ஓர் ஆய்வு

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய முனைவோர் பிராசசரை எங்ஙனம் தேர்ந்தெடுக்கின்றனர் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வுக்களம், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். கருதுகோள்: தனக்கு வேண்டிய பிராசசரை எவரும் வாங்குவதில்லை, அதற்கு அடுத்ததையே வாங்குகிறார்.

முதற்கண் இலக்கணம். இன்டெலின் கோர் ஐ5-12400எஃப் என்னும் பெயரைப் பகுபதமாகக் கொண்டு பிரிப்போம். ஐ5 பகுதி. 12 தலைமுறை காட்டும் இடைநிலை. 400 சாரியை. எஃப் விகுதி. விலையைக் கேட்டதும் வாங்குபவர் முகத்தில் தோன்றுவது விகாரம். இவற்றுள் ஆளைக் கவிழ்ப்பது விகுதியே. எஃப் வந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. தனியாகக் கார்டு வாங்காதவரை மானிட்டர் இருண்டே கிடக்கும். கே வந்தால் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு இசட் வரிசை மதர்போர்டு வேண்டும், கூலரும் தனியே வாங்க வேண்டும். ஏஎம்டியார் இலக்கணம் வேறு. ரைசன் 5600-இல் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு. ஆனால் 7600-இல் ஜி இல்லாமலே உண்டு. இதைப் புறனடையாகக் கொள்க.

இனிக் கோட்பாடு. 12400எஃப் கேட்டு வந்தவரிடம், "சார், இன்னும் ரெண்டாயிரம் போட்டீங்கன்னா எஃப் இல்லாததே வந்துடும், கார்டு அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார் கடைக்காரர். அது உண்மை. அடுத்து, "டிடிஆர்4 போர்டு எதுக்கு சார், நாளைக்கு டிடிஆர்5 ராம் அதுல உட்காராது" என்பார். அதுவும் உண்மை, இரண்டுக்கும் வெட்டு இருக்கும் இடமே வேறு. "டிடிஆர்5-ன்னு ஆயிடுச்சு, ஏஎம்5-க்கே போயிடலாமே" என்பது மூன்றாம் படி. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14 என மூன்று தலைமுறையோடு நின்று, 2024 அக்டோபரில் 1851 வந்துவிட்டது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கோ, 2017-இல் முதல் ரைசன் வந்ததிலிருந்து 2024 வரை புதுப்புதுப் பிராசசர்கள் வந்தன. 2022-இல் பிறந்த ஏஎம்5-க்கும் அவ்வண்ணமே நீண்ட ஆயுள் அமையும் என்பது வாதம். கடைக்காரர் பொய் சொன்னால் எதிர்த்து நிற்கலாம். படிக்குப் படி உண்மையே சொல்கிறவரிடம் பர்ஸைத் திறக்காமல் என்ன செய்வது?

ஏறிய தொகை எங்கேனும் இறங்கியாக வேண்டும். அது இறங்கும் இடம், கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியாகிய எஸ்எம்பிஎஸ். உலகில் எவரும் தம் எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றி நண்பரிடம் பெருமை பேசியதில்லை. எனவே "கேபினெட்டோட ஃப்ரீயா வர்றது போதும்" என்று முடிவாகிறது. கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கு விசிறிகளும் மட்டும் பட்டியலில் அசையாமல் நிற்கும். இந்த இடத்தில் ஆய்வாளருக்குரிய நடுநிலை எமக்குக் கைகூடவில்லை. வீட்டின் மின்சாரம் எந்த நிலையில் வந்தாலும் அதை முதலில் வாங்கிக்கொள்வது அந்தப் பெட்டிதான். அது போகிற போக்கில் மதர்போர்டையும் அழைத்துக்கொண்டு போகக்கூடும்.

சிலர் நேரெதிராக 750 வாட் கேட்கிறார்கள். 12400எஃப் முழு மூச்சில் ஓடினால் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு 115 வாட். இரண்டும் சேர்ந்து 232. மற்ற உறுப்புகளுக்குத் தாராளமாக விட்டாலும் நல்ல தரமுள்ள 450 அல்லது 550 போதும். 80 பிளஸ் முத்திரையும் மின்திறனுக்குத்தான், பாதுகாப்புக்கு அல்ல. ஆகவே வாட்டையும் முத்திரையையும் மட்டும் பார்த்து ஏமாறற்க. தயாரிப்பவர் எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறார் என்றும் கேட்க.

ராம் பற்றி ஒன்றே: ஒற்றை 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி நன்று, இரண்டு வழியாகவும் தரவு ஓடும். தெர்மல் பேஸ்ட் இடுவதில் பட்டாணி, கோடு, பெருக்கல் குறி என மூன்று மார்க்கங்கள் உள. அவர்களுக்குள் தீராப் பூசல். கூலரை வைத்துத் திருகை இறுக்கினால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதால் இங்கு விரித்திலம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் புறப்படுவோர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான பணத்தைத் தனிப் பையில் வைத்துக்கொண்டு, மீதிக்கு மட்டும் பிராசசர் கேட்குமாறு வேண்டுகிறோம். எஃப் வாங்கியவர்கள் மானிட்டர் ஒயரை மதர்போர்டில் செருகிவிட்டுப் படம் வரவில்லை என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம், கார்டில் செருகுங்கள்.